கவசம் போட்ட நாகலெட்சுமி

பிரேமினி செய்த கவசம் முழுசாக இரண்டு கிலோகூடத் தேறாது. பார்ப்பவர்களுக்கு அது முப்பது கிலோ இரும்பு. அப்படித் தெரியவேண்டும் என்றுதான் மூன்று மாதம் மெனக்கெட்டாள். அப்படியே தெரிந்தும் தொலைத்தது. எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது என்று பிறகு கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். அது பொய். வினை எந்த இடத்தில், எந்த நொடியில் ஆரம்பித்தது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

தலவாக்கலையில் பஸ் ஏறி, கடைச்சந்தியில் இறங்கி, அங்கிருந்து அரைமணி நேரம் மூச்சு வாங்க ஏறினால் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அதில் ஓர் அறை வீடான கடைசிக் காம்பிரா பிரேமினியுடையது. அம்மா அழகம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவள். பிரேமினி கொழும்பில் நாடகங்களுக்கும் கல்யாண ஊர்வலங்களுக்கும் உடுப்புச் செய்கிற ஒரு பட்டறையில் நாலு வருஷம் வேலை பார்த்தாள். பட்டறையை மூடிவிட்டார்கள். மற்றப் பெண்கள் தையல் மிஷினோடு ஊருக்குத் திரும்பினார்கள். இவள் சூட்டுக் காற்று ஊதுகிற துப்பாக்கி ஒன்றோடு வந்து இறங்கினாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பொம்பளை அவள் பைக்குள் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தாளாம்.

அந்தத் துப்பாக்கிதான் தொழில். செருப்புக்கு அடி வெட்டுகிற ஃபோம் தகட்டை வாங்கி, காகித அச்சு வைத்து வெட்டி, சூடு காட்டி வளைத்து, செருப்புத் தைப்பவர்கள் பூசுகிற மஞ்சள் பசையால் ஒட்டுவாள். மேலே நாலு தரம் வெள்ளைப் பசை, அது காய்ந்ததும் கறுப்பு, கறுப்பின் மேல் துணியில் தொட்டுத் தொட்டு வெள்ளி நிறம். கடைசியாக இடுக்குகளில் சப்பாத்துப் பொலிஷைத் தேய்த்துத் துடைத்துவிட்டால் ஐந்நூறு வருஷம் மழையில் கிடந்த இரும்பு ரெடி. அந்தக் காலத்து ஐரோப்பிய வீரர்கள் போட்ட மாதிரி மார்க்கவசம், முழங்கை மூடி, கழுத்துக் காப்பு. கேட்டால் கொம்பு வைத்த தலைக்கவசமும், டிராகன் செதில் பதித்த தோள்கவசமும்கூட.

"இது கூத்துக்கா புள்ள?" என்று லயத்தில் கேட்பார்கள்.

"இல்லீங்க. கொழும்புல பெரிய மண்டபத்துல கூடுவாங்க. கதையில வர்ற வீரங்க மாதிரி உடுத்திக்கிட்டுப் போட்டோ புடிச்சுக்குவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் வீட்டுக்குப் போயிருவாங்க."

கேட்டவர்கள் அவள் முகத்தைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். இன்னும் சிலர், தோளில் தேயிலைக் கொழுந்து மாதிரி ஒன்றை ஒட்டிவிடேன், நம்ம ஊர் அடையாளமாக இருக்குமே என்று யோசனை சொல்வார்கள். பிரேமினிக்குப் பற்றிக்கொண்டு வரும். கொழுந்தைப் பறித்துப் பறித்துத்தானே அம்மாவின் விரல் கறுத்துக் கிடக்கிறது, வேஷத்திலுமா அது? அவளுக்கு டிராகன்தான் வேண்டும்.

இந்த வருஷம், வேஷம் போட்டுக் கூடுகிற அந்தக் கொழும்புக் குழு ஒரு படப்போட்டி வைத்தது. தோற்காத அரசி என்பது தலைப்பு. கவசம் தன் கையால் செய்ததாக இருக்கவேண்டும். படத்தில் வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வேறு எதையும் மாற்றவோ அழிக்கவோ கூடாது. ஜெயித்தவருக்கு ஆகஸ்ட் விழாவில் தன் வேலைகளை வைத்துக் காட்ட ஒரு கடை இடம் சும்மா கொடுப்பார்கள். அங்கே போய் நின்றுவிட்டால் தன் பேர் நாலு பேர் வாயில் விழும் என்று பிரேமினி நம்பினாள். அது நியாயமான ஆசைதான். ஆசையில் குற்றம் இல்லை.

மற்றப் போட்டியாளர்கள் எல்லாம் ஒல்லியான, வெள்ளையான, உதட்டுச் சாயம் பூசிய அரசிகளை அனுப்புவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் பக்கத்துக் காம்பிரா நாகலெட்சுமி அத்தையைப் பிடித்தாள். அத்தைக்கு நாற்பத்தெட்டு வயசு. ஆண்பிள்ளை உயரம், அகலமான நெற்றி, வெயிலிலும் பனியிலும் காய்ந்த முகம். பிரேமினி பெரியவளானபோது அத்தை முறைக்கு முதல் தண்ணி ஊற்றியவள். மகள் தனுஜாவை வலப்பனையில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். பிரேமினி ஒன்றைக் கேட்டு அத்தை இல்லை என்று சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. போன ஐப்பசி மழையில், கொழுந்து நிறைந்த பையோடு அத்தை மழைத்தண்ணி ஓடுகிற கானுக்குள் சறுக்கி விழுந்து வலது தோளைக் கெடுத்துக்கொண்டிருந்தாள். நுவரெலியாவில் டாக்டர் பார்த்து, ஒரு வருஷத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது, கையைத் தோளுக்கு மேலே உயர்த்தக் கூடாது என்று துண்டு எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டின் பேரில்தான் தோட்டம் அவளைக் கொழுந்து மலையிலிருந்து எடுத்து, தேயிலைக் கன்று வளர்க்கிற தவறணையில் உட்கார்ந்து பைக்கு மண் நிரப்புகிற வேலைக்குப் போட்டிருந்தது.

பிரேமினிக்கு இது தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கவசத்துக்கு அச்சு எடுக்க, அத்தையின் உடம்பில் பொலித்தீனைச் சுற்றி, அதன்மேல் டேப் ஒட்டி, கோடு போட்டு, கத்தரியால் வெட்டி எடுத்தவளே அவள்தான். வலது தோள் இடதைவிட இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. அதற்கென்று வலப்பக்கத் தோள்கவசத்துக்கு வேறு அச்சு வெட்டினாள். அந்தத் தோளை அவளைவிட நன்றாக அறிந்தவர் டாக்டர்கூட இல்லை.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏழாம் நம்பர் மலைக்கு மேலே இருக்கிற பாறைக்கு இருவரும் ஏறினார்கள். பனி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பிரேமினி வார்களை இறுக்கிப் பூட்டப் பூட்ட, அத்தை குனிந்து தன் மார்பைப் பார்த்துச் சிரித்தாள். "ஐயோ, என்னா புள்ள இது, பித்தளைக் குடத்துக்குள்ள எறங்கின மாதிரி இருக்கு." ஆனால் நிமிர்ந்ததும் சிரிப்பு நின்றது. கழுத்து தானாக உயர்ந்தது. பிரேமினிக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. இரும்பும் முகமும் ஒரே உலையில் வார்த்த மாதிரி இருந்தது.

வாளைப் பிடித்த கை மட்டும் தொங்கிக் கிடந்தது.

"அத்த, வாளத் தூக்கணுமே."

"வலது கை ஏறாது புள்ள. எடதுல புடிச்சுக்கிறவா?"

இடது கையில் பிடித்தால் உடம்பு திரும்பி, தோள்கவசத்தின் டிராகன் மறைந்துபோகும். வலது தோளில்தான் அதன் தலை இருந்தது. மூன்று வாரம் அந்தத் தலைக்கு மட்டும் போயிருந்தது. பிரேமினி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஃபோனைக் கல்லில் சாய்த்து, பத்து வினாடியில் தானே படம் எடுக்கும்படி வைத்துவிட்டு, ஓடிப்போய் அத்தையின் முதுகுக்குப் பின்னால் குந்தி, இரண்டு கையாலும் அத்தையின் முழங்கையைத் தாங்கி மேலே உயர்த்தினாள். "நான் புடிச்சுக்கிறேன் அத்த. பாரமே இருக்காது. ஒரு நிமிசம்."

முதல் படத்தில் அத்தை கண்ணை மூடிவிட்டாள். இரண்டாவதில் பனி மறைத்தது. மூன்றாவதில் பிரேமினியின் தலை தெரிந்தது. நாலாவது தரம் உயர்த்தியபோது அத்தை சொன்னாள்: "விடு புள்ள. விடு."

காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் காற்றில் காது அடைத்துப்போகிற அளவுக்கு இல்லை. பிரேமினிக்குக் கேட்டது. பளிச்சென்று கேட்டது. கேட்ட அந்த நொடியில், இன்னும் ஒன்று எடுத்தால் சரியாக வந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது என்பதற்காகக் கேட்காத மாதிரி இருந்துவிட்டாள். ஐந்து, ஆறு, ஏழு.

ஏழாவது படம்தான் வந்தது. பனி கிழிந்து பின்னால் மலை தெரிகிறது. வாள் வானத்தில் நிற்கிறது. அரசி பல்லைக் கடித்து, புருவத்தை நெரித்து, யாரையோ கொன்றுபோடுகிற பார்வை பார்க்கிறாள். முழங்கைக்குக் கீழே பிரேமினியின் பத்து விரல்கள். அந்த விரல்களை ஃபோனிலேயே தேய்த்துத் தேய்த்து அழித்து, அந்த இடத்தில் பனியை இழுத்து மூடினாள். அழித்தது தெரியவே இல்லை. அவள் கெட்டிக்காரி.

போட்டியில் ஜெயித்தது. படத்தை ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்தார்கள். கவசத்தைப் பாராட்டியவர்களைவிட முகத்தைப் பாராட்டியவர்களே அதிகம். எத்தனை ஆவேசம், எங்கிருந்து கிடைத்தாள் இந்த நடிகை, இந்தக் கோபத்தை யாராலும் சொல்லிக்கொடுக்க முடியாது என்றெல்லாம் எழுதினார்கள். அம்மா ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிரேமினி நிறுத்தாமல் வாசித்தாள். அந்த முகத்தில் இருப்பது கோபம் இல்லை, வலி என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான். ஒருத்திக்கு வாசிக்கத் தெரியாது. மற்றவள் வாசித்துக்கொண்டிருந்தாள்.

லயமே கொண்டாடியது. கோயில் பூசாரிகூடத் தேங்காய் உடைத்தார். அத்தை யார் வந்து கேட்டாலும் "அந்தப் புள்ளைக்கு மூள கூர்மைங்க" என்று பெருமை பேசினாள். பேசும்போது வலது கையை மடியில் வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜெயித்த பத்தாம் நாள் படம் கண்டாக்கு மதுசூதனனின் ஃபோனுக்கு வந்து சேர்ந்தது. மலைவேலை எல்லாவற்றையும் மேற்பார்க்கிறவர் அவர். கெட்ட மனுஷன் இல்லை. ஆள் பற்றாக்குறையில் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த மனுஷன். கொழுந்து முற்றிக்கொண்டு போகிறது, மலையில் ஆள் இல்லை, இங்கே ஒருத்தி தோள் சரியில்லை என்று மண் நிரப்பிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை இரும்புச் சட்டை போட்டுக் கத்தி சுழற்றுகிறாள். அவர் அப்படித்தான் பார்த்தார். மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில் எல்லார் முன்னாலும் பேரை வாசித்தார்.

"நாகலெட்சுமி, ஏழாம் நம்பர் மல. கொழுந்து."

"ஐயா, எனக்கு டாக்டர் துண்டு இருக்குங்களே."

"துண்டு இருக்கு. எங்கிட்ட படமும் இருக்கு. அவ்வளவு இரும்ப ஒடம்புல மாட்டிக்கிட்டு கைய வானத்துக்குத் தூக்கத் தெரியுது, இருவது கிலோ கொழுந்து தூக்கத் தெரியாதோ?"

செய்தி கேட்டதும் பிரேமினிக்கு ஒரு யோசனை வந்தது. அந்த யோசனைக்காக அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமும் வந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும். கவசத்தை ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு, பத்து மணி நிறுவைக்கு நேரே மடுவத்துக்குப் போனாள்.

கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அத்தையும் நின்றாள், பையில் பாதிகூட இல்லாமல். தராசுக்குப் பக்கத்தில் கணக்கப்பிள்ளை வீரய்யா, கண்டாக்கு, அன்றைக்கென்று பார்க்க வந்திருந்த தோட்டத்து உதவி மனேஜர் சின்னதுரை. பிரேமினி யாரிடமும் கேட்கவில்லை. சாக்கைத் தூக்கித் தராசுக் கொக்கியில் மாட்டினாள்.

"இதுதாங்கய்யா அந்த இரும்புச் சட்ட. நிறுத்துப் பாருங்க."

வீரய்யா முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ஒண்ணே முக்காலு," என்றார்.

ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் இரண்டு மூன்று கிலோ கழிப்பது தோட்டத்து வழக்கம். வரிசையிலிருந்து ராக்காயி கத்தினாள்: "கழிவு கழிங்கய்யா! எங்களுக்கு மட்டுந்தானா?"

"கழிச்சா அந்தச் சட்ட தோட்டத்துக்குக் கடன்காரியா ஆயிருமே!" என்றாள் இன்னொருத்தி.

மடுவமே சிரித்தது. வீரய்யாவும் வாயைப் பொத்திக்கொண்டார். சின்னதுரை மார்க்கவசத்தை வெளியே எடுத்து விரலால் தட்டினார். "மேக யக்கட நெவேத?" என்றார், இது இரும்பு இல்லையா என்று சிங்களத்தில். பிறகு அமுக்கினார், அமுங்கியது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எப்படிச் செய்தாய், என்ன சாயம் என்று கேட்டார். பிரேமினி சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் கர்வம் இருந்தது.

கண்டாக்கு மட்டும் சிரிக்கவில்லை. ஃபோனை எடுத்துப் படத்தைக் காட்டினார். "சேர், பாரத்த விடுங்க. கையப் பாருங்க. கை எங்க நிக்குது? தோளுக்கு மேல கை போகாதுன்னுதானே டாக்டர் எழுதியிருக்காரு?"

சின்னதுரை படத்தைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். நல்ல தமிழில் கேட்டார்: "இந்தக் கையைத் தூக்கினது யாரு? நீங்களா?"

அத்தை திரும்பிப் பிரேமினியைப் பார்த்தாள். அதட்டுகிற பார்வை இல்லை. நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. சொல்வதற்கு மூன்றே வார்த்தைதான். நான்தான் பிடித்து உயர்த்தினேன். ஆனால் சொன்னால், விரல்களை அழித்தது வெளியே வரும். அழித்தது வெளியே வந்தால் கொழும்புக்குப் போகும். கடை இடம் போகும், பேர் போகும். இத்தனையும் பிரேமினியின் மண்டைக்குள் ஓடி முடிவதற்குள் நேரம் ஓடிவிட்டது.

"நான்தாங்க தூக்கினேன்," என்றாள் அத்தை. "ஏதோ ஒரு வேகத்துல ஏறிருச்சுங்க."

"சரி. அப்போ மலைக்குப் போங்க," என்றார் சின்னதுரை.

பிரேமினி சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். ஒன்றே முக்கால் கிலோ. வழியெல்லாம் அது இழுத்தது.

அதற்குப் பிறகு பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் பிரேமினி என்ன செய்தாள் என்று கேட்டால், நல்லதாக நாலு சாக்குக் கண்டுபிடித்தாள் என்றுதான் சொல்லவேண்டும். அத்தையே தூக்கினேன் என்று சொல்லிவிட்டாளே. இனி நான் போய் மாற்றிச் சொன்னால் அத்தை பொய் சொன்ன மாதிரி ஆகுமே என்பது ஒன்று. ஆகஸ்ட் விழா முடியட்டும், அங்கே கிடைக்கிற ஓடரை வைத்து அத்தைக்குப் பெரிய வைத்தியமாகச் செய்துவிடலாம் என்பது இன்னொன்று. பக்கத்துக் காம்பிராவுக்கு வாழைப்பழம், தைலம் என்று கொண்டுபோனாள். அத்தை வாங்கிக்கொண்டு, "எதுக்கு புள்ள இதெல்லாம், நீயே கொழும்புக்குப் போவணும்" என்றாள். வெட்கத்தில் பிரேமினிக்கு அங்கே நிற்க முடியவில்லை.

காம்பிராக்களுக்கு நடுவே சுவர் கூரை வரை போவதில்லை. காலையில் அத்தை பெரட்டுக்குப் புறப்படுகிற சத்தம் எல்லாம் கேட்கும். முன்பெல்லாம் ஐந்து நிமிஷத்தில் புறப்படுவாள். இப்போது இடுப்பில் ஈரம் படாமல் கட்டுகிற படங்குச் சாக்கை ஒற்றைக் கையால் சுற்றிக் கட்ட அரைமணி நேரம் எடுத்தது. கயிறு நழுவி விழும். எடுத்து மறுபடி சுற்றுவாள். மறுபடி விழும். ஒரு தரம்கூட யாரையும் கூப்பிடவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் பிரேமினி பாயில் படுத்தபடி, கண்ணைத் திறந்துகொண்டு, அந்தக் கயிறு விழுகிறதை எண்ணிக்கொண்டிருப்பாள். எழுந்து போய் ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் என்ன? போனால் அந்தத் தோளைத் தொடவேண்டும். அந்தத் தைரியம் அவளுக்கு இல்லை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அம்மா மலையிலிருந்து பாதி வேலையில் வந்தாள். அத்தை பாதி மலையிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். கை தொங்கிப்போய் விரல்கூட மடங்கவில்லையாம். கங்காணி கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்த் தோட்டத்து மருந்துச்சாலையில் விட்டிருக்கிறார்.

"அவ என்னா சொல்றா தெரியுமா?" என்றாள் அம்மா. "நம்ம புள்ளைகிட்ட சொல்லாத, பயந்துக்கும்ங்கிறா."

பிரேமினி முதலில் செய்தது, கொழும்புக் குழுவுக்கு எழுதியது. விரல்கள் தெரிகிற பழைய படத்தையும் சேர்த்து அனுப்பினாள். அனுப்பிய பிறகு யோசிக்க ஒன்றும் மிச்சம் இல்லாதபடி, அந்த ஃபோனோடு நேரே தோட்டத்து ஆபிஸுக்கு ஓடினாள். கண்டாக்கும் சின்னதுரையும் இருந்தார்கள். மருந்துச்சாலையில் எழுதிக் கொடுத்த காகிதத்தோடு அத்தையும் சுவரோரம் பெஞ்சில் இருந்தாள். கையைச் சேலைத் துண்டால் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அத்தை அங்கே இருப்பாள் என்று பிரேமினி நினைக்கவில்லை.

"சேர், அந்தக் கைய அவங்க தூக்கல. நான்தான் பின்னால ஒக்காந்து புடிச்சிருந்தேன். போட்டோவுல என் கைய அழிச்சிட்டேன். இதப் பாருங்க."

சின்னதுரை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கண்டாக்கு அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தார். கண்டாக்கின் முகம் கறுத்துவிட்டது. அவர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பிடிச்சுத் தூக்கும்போது இவங்களுக்கு வலிச்சிருக்குமே," என்றார் சின்னதுரை. "முகத்தைப் பார்த்தா தெரியுது. இவங்க உங்ககிட்ட சொல்லலியா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டவள், இந்த ஒன்றையும் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயங்கரக் காத்து சேர்," என்றாள் பிரேமினி. "எனக்கு ஒண்ணும் கேக்கல."

அத்தை தலையை ஆட்டினாள். "ஆமாங்க. அன்னைக்குக் காத்துங்க," என்றாள்.

மறுபடி நுவரெலியா. மறுபடி டாக்டர், ஸ்கேன், துண்டு. இந்தத் தரம் துண்டில் ஒரு வருஷம் என்று எழுதவில்லை. உள்ளே எலும்போடு சேர்கிற தசைநார் கிழிந்துபோயிருக்கிறது, இனி அந்தக் கை தோளுக்கு மேலே ஏறாது என்று எழுதியிருந்தது. தோட்டம் அத்தையைத் தவறணைக்கே திருப்பி அனுப்பியது, இனி மாற்றமாட்டோம் என்ற உறுதியோடு. கொழும்புக் குழு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, பரிசை இரண்டாவதாக வந்தவருக்குக் கொடுத்துவிட்டது. அது போனதில் பிரேமினிக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. யாராவது தன்னைத் தண்டித்தால் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போட்டுவிட்டாள். லயத்தில், வந்து உண்மையைச் சொன்னாளே, நல்ல மனசு என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. நல்ல மனசு. கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசியது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. ஒரு காலையில், வெயில் ஏறுகிற நேரத்தில், தவறணைக்கு இறங்கினாள்.

பந்தலுக்குக் கீழே அத்தை தனியாக ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. கறுப்புப் பொலித்தீன் பையைப் பல்லால் கடித்து விரித்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிறுத்தி, இடது கையால் மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். பிரேமினியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா புள்ள. வெயில்ல நிக்காத, உள்ள வா. கொழும்பு போனது போயிட்டுப் போவுது. அடுத்த வருசமும் வெப்பாங்கல்ல?"

"அத்த, ஆபிஸ்ல நான் ஒரு பொய் சொன்னேன்."

அத்தை பையை நிரப்பி, விரலால் அமுக்கி, வரிசையில் வைத்தாள்.

"காத்துன்னு சொன்னேன்ல. அன்னைக்கு நாலாவது தடவ தூக்கும்போது நீங்க விடுன்னு சொன்னீங்க. ரெண்டு தடவ சொன்னீங்க."

"ம்."

"எனக்குக் கேட்டுச்சு அத்த."

அத்தையின் கை மண்ணுக்குள் நின்றது. பிரேமினி அறை ஒன்று விழும் என்று எதிர்பார்த்தாள். விழவேண்டும் என்று ஆசைப்பட்டாள். திட்டு, சாபம், எதுவாக இருந்தாலும் சரி. அத்தை வெகுநேரம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தெரிந்த ஒருத்தியின் முகத்தில் வேறு யாரையோ கண்டுவிட்ட மாதிரி.

"கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு."

"கேட்டப்புறமா மூணு படம் எடுத்த?"

"ஆமா அத்த."

அத்தை மூச்சை இழுத்து விட்டாள். "மடுவத்துல தொர கேட்டாருல்ல, யாரு தூக்கினதுன்னு," என்றாள். "நான் ஏன் நான்தான்னு சொன்னேன் தெரியுமா? காத்துல அந்தப் புள்ளைக்குக் கேக்கல, கேட்டிருந்தா அந்த நிமிசமே கைய விட்டிருக்கும்னு நெனச்சேன். மலையில கொழுந்து ஆயுறப்பவும் வலிக்கிறப்பெல்லாம் அதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அத்தை இன்னொரு பையைப் பல்லால் கடித்து விரித்து, மண்ணை அள்ளிப் போட ஆரம்பித்தாள்.